வேகக் காருக்கு எந்தப் பாட்டரி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

அறிவியல் என்றதும் ஆய்வுக்கூடமும் நூலகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடைத்தெருவும் ஓர் ஆய்வுக்கூடந்தான் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு பாட்டரி. அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை சிறியதன்று. அதை இம்மலரின் வழியாக என் சக மாணவர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரிச் செலவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையில் ஒரு பாட்டரிக் கடையில் உதவியாளனாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிறு. முதலாளி ஒரு திருமணத்துக்காகப் பொள்ளாச்சி சென்றிருந்தார். கடையில் நான் மட்டுமே இருந்தேன். ஒரு மருத்துவர் தம் காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். வேகத்துக்குப் பெயர் பெற்ற வெளிநாட்டுக் கார், பழையதாக வாங்கியது. "செல்ப் எடுக்கலை தம்பி, நல்லதா ஒரு பாட்டரி போட்டுக் குடு" என்றார்.

பானெட்டைத் திறந்தேன், பாட்டரியைக் காணோம். அது டிக்கியில், தரைவிரிப்புக்கு அடியில் இருந்தது. அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் தரையின் துளை வழியாக வெளியே சென்றது. பழைய பாட்டரியின் மேல் 70 ஆம்பியர்-மணி என்று இருந்தது. கடையில் அதே 70 ஆம்பியர்-மணி, அதே நீளம், அதே அகலம் கொண்ட சாதாரணப் பாட்டரி பாதி விலைக்கு இருந்தது. டாக்டருக்குப் பணம் மிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் அதையே பொருத்தினேன். அந்தக் குழாயை மாட்ட இதில் இடமில்லை. ஆகவே அதை ஒரு பிளாஸ்டிக் நாடாவால் ஓரமாகக் கட்டி வைத்தேன். கார் ஒரே சுற்றில் புறப்பட்டது. டாக்டர் எனக்கு நூறு ரூபாய் அன்பளிப்பும் கொடுத்தார்.

நான்கு மாதங்கள் கழித்து அதே கார் திரும்பி வந்தது. டிக்கியைத் திறந்தபோது அழுகிய முட்டையின் நாற்றம் வீசியது. தரைத்தகட்டின் வண்ணப்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. டெர்மினல்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. டாக்டரின் மகளுடைய பரதநாட்டியப் பட்டுடை இருந்த பை ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. உள்ளே பட்டும் அவ்வாறே.

நான் செய்த தவறு என்ன? அளவும் சரி, எண்ணும் சரி. பிறகு எது தவறிற்று? இக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பாட்டரி செய்யும் வேலை

காரீய-அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாந்தே. 1881இல் அதே நாட்டவரான காமில் ஃபோர், தகட்டின்மேல் காரீய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கண்டு அதை மலிவாக்கினார். அக்காலக் கார்களைக் கைப்பிடியால் சுழற்றியே ஓட்டத் தொடங்கினர். கைப்பிடி எதிர்த்து அடித்து மணிக்கட்டு முறிந்தவர் பலர். அமெரிக்கப் பொறியியலறிஞர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அன்று முதல் காரின் முதல் மூச்சு பாட்டரியின் பொறுப்பாயிற்று.

காரீய-அமிலப் பாட்டரியில் நேர்த்தகடு காரீய டை ஆக்சைடால் ஆனது. எதிர்த்தகடு பஞ்சு போன்ற தூய காரீயத்தால் ஆனது. இடையே நீர்த்த கந்தக அமிலம் உள்ளது. மின்னோட்டத்தைத் தரும்போது இரு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் குறைந்து நீர் மிகுகிறது. மின்னேற்றும்போது இவ்வினை எதிர்த்திசையில் நடைபெறுகிறது. ஒரு மின்கலம் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட். நாம் '12 வோல்ட் பாட்டரி' என்று அழைப்பது இதனையே.

வேகக் காருக்கு நல்ல பாட்டரி போட்டால் வேகம் கூடும் என்று கடைக்கு வரும் இளைஞர் சிலர் நினைக்கின்றனர். அது மெய்யன்று. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்சாரத்தைப் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரே தருகிறது. பாட்டரி ஒரு குதிரைத் திறனையும் கூட்டாது. வேகக் காருக்கு அது தர வேண்டியவை வேறு. அழுத்த விகிதம் மிகுந்த எஞ்சினைச் சுழற்ற ஒரு கணத்தில் பேரளவு மின்னோட்டம் தர வேண்டும். கணிப்பொறிக் கருவிகளுக்கு மின்னழுத்தம் சரியாமல் காக்க வேண்டும். எடை மிகாமலும், அமைந்த இடத்துக்குக் கேடு செய்யாமலும் இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் கண்ட அகத்தடை

முதலாண்டில் மின்னழுத்தமானியைக் கொண்டு மின்கலத்தின் அகத்தடையைக் கண்ட சோதனையை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். இரு சமநிலை நீளங்களை அளந்து, வாய்பாட்டில் இட்டு, விடையைப் பதிவேட்டில் எழுதினோம். அதனால் வாழ்க்கையில் என்ன பயன் என்று நான் அன்று கேட்கவில்லை.

டாக்டரின் கார் திரும்பி வந்த மறுவாரம், எங்கள் துறைப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். "பாட்டரிக்கும் அகத்தடை உண்டல்லவா? அளந்து பார்த்தாயா?" என்று அவர் கேட்டார். அந்த ஞாயிறே கடையில் அளந்தேன். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டைப் பளுவாக இணைத்தேன். கிளாம்ப் மீட்டர் 9 ஆம்பியர் காட்டிற்று. ஒரு புதிய பாட்டரியில் மின்னழுத்தம் 0.06 வோல்ட் இறங்கியது. மாற்றுக்கு வந்த ஒரு பழைய பாட்டரியில் 0.27 வோல்ட் இறங்கியது. ஓமின் விதிப்படி வகுத்தால், புதியதன் அகத்தடை சுமார் 6.7 மில்லி ஓம். பழையதன் அகத்தடை 30 மில்லி ஓம்.

விளக்கு எரிவதற்கு இந்த வேறுபாடு பொருட்டன்று. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது நிலைமை வேறு. புதியதில் 1.3 வோல்ட் குறைந்து, ஏறத்தாழ 11.3 வோல்ட் எஞ்சும். பழையதில் 6 வோல்ட் உள்ளேயே வெப்பமாக வீணாகும், எஞ்சுவது 6.5 வோல்ட் அளவே. எஞ்சின் சுழலாது; 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கும். விளக்கு நன்றாக எரிகிறதே, செல்ப் மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவருக்கு இதுவே விடை. இக்கணக்கு தோராயமானது; வெப்பநிலையும் மின்னேற்ற அளவும் அகத்தடையை மாற்றும். ஆயினும் உண்மையின் உருவம் இதில் தெரிகிறது.

உறையின் மேலுள்ள எண்கள்

பாட்டரியின் மேல் காணப்படும் எண்களில் மூன்று முதன்மையானவை.

முதலாவது ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்பது பொருள். இது தொட்டியில் உள்ள நீரின் அளவைப் போன்றது. இதே பாட்டரியிலிருந்து 60 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரம் வராது. ஏனெனில் மின்னோட்டம் மிகும்போது பயன்படு கொள்ளளவு சுருங்கும்.

இரண்டாவது குளிர்த்துவக்க ஆம்பியர். பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரி செல்சியசில், 30 வினாடிகள் வரை, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தரக்கூடிய மின்னோட்டம் இது. தொட்டியிலுள்ள குழாயின் வாயகலம் போன்றது. ஐரோப்பிய முறையில் காலமும் மின்னழுத்தமும் சற்று வேறுபடும். ஆகவே இரு முறை எண்களையும் ஒன்றோடொன்று நேராக ஒப்பிடலாகாது.

மூன்றாவது இருப்புக் காலம். ஆல்டர்னேட்டர் பழுதுற்றால், 25 ஆம்பியர் பளுவை 10.5 வோல்ட் வரை எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை இது காட்டும். இரவில் நெடுஞ்சாலையில் நிற்பவருக்கு இவ்வெண்ணின் அருமை தெரியும்.

இவை தவிர அளவுக் குறியீடும் உண்டு. '38 பி 20 எல்' என்ற ஜப்பானிய முறைக் குறியீட்டில் 38 என்பது திறன் தரம். 'பி' என்பது அகல உயர வகை. 20 என்பது சென்டிமீட்டரில் ஏறத்தாழ நீளம். இறுதி எழுத்து டெர்மினல்கள் எப்பக்கம் அமைந்துள்ளன என்பதைக் குறிக்கும். இவ்வெழுத்தைப் பாராமல் வாங்கினால் வயர் எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று இழுத்துத் திருப்பினால் முனைகள் மாறி மின்கருவிகள் கெடும்.

டிக்கியில் பாட்டரி ஏன்?

வேகக் கார்கள் சிலவற்றில் பாட்டரி பின்புறம் இருப்பது எடையைப் பங்கிடுவதற்காகவே. இதனை நாம் படித்த திருப்புத்திறன் கொண்டு விளக்கலாம். ஒரு காரின் முன்பின் அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் தொலைவு என்போம். 15 கிலோ எடையுள்ள பாட்டரியை மூக்குப் பகுதியிலிருந்து 3 மீட்டர் பின்னே நகர்த்தினால், முன் அச்சின் பளு 15 × 3 ÷ 2.5 = 18 கிலோ குறையும்; பின் அச்சில் அதே 18 கிலோ கூடும். பாட்டரியின் எடையைவிட மாற்றம் பெரிதாக இருப்பதைக் காண்க. முன்புறம் எஞ்சின் உள்ள காரில் இது வளைவுகளில் நடுநிலையைத் தரும். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பல கார்களில் பாட்டரி டிக்கியில் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்.-5 என்ற இருவர் அமரும் திறந்த கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் தலைமுறையில் டிக்கியின் வலப்புறத்தில் சிறிய பாட்டரி ஒன்று அமைந்திருந்தது. அது அமிலம் தளும்பாத வகை. வாயு வெளியேறக் குழாயும் உண்டு. அக்காரை வைத்திருப்போர் சாதாரணப் பாட்டரியைக் குழாயில்லாமல் பொருத்தினால் நேர்வது, நான் டாக்டரின் காருக்குச் செய்ததே: ஆவி டிக்கிக்குள் தங்கித் தகடு அரிக்கும்.

பின்புறப் பாட்டரிக்கு ஒரு செலவும் உண்டு. எஞ்சின் வரை நீண்ட செப்புக் கம்பி வேண்டும். 35 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் 4 மீட்டர் நீளமும் உள்ள கம்பியின் தடை ஏறத்தாழ 1.9 மில்லி ஓம். 200 ஆம்பியரில் இதிலேயே 0.4 வோல்ட் போய்விடும். ஆதலால் இத்தகைய கார்களில் பாட்டரியின் அகத்தடை குறைவாக இருப்பது மேலும் இன்றியமையாதது.

மூவகைப் பாட்டரிகள்

முதல் வகை, அமிலம் திரவமாக நிறைந்த சாதாரணப் பாட்டரி. விலை குறைவு. மின்னேற்றம் முடியும் தறுவாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். அவற்றோடு அமிலத் துளிகளும் பனிபோல் எழும். திறந்த காற்றோட்டம் உள்ள பானெட்டுக்குள் இது பெருந்தீங்கு செய்யாது. மூடிய டிக்கியில் தீங்கு செய்யும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினாலே ஒரு பொறியில் வெடிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாம் வகையில் அமிலம் நுண்ணிய கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சப்பட்டிருக்கும். கடையில் இதனை 'ஏ.ஜி.எம்.' என்கிறோம். நேர்த்தகட்டில் எழும் ஆக்சிஜன் பாயின் நுண்துளைகள் வழியே எதிர்த்தகட்டை அடைந்து மீண்டும் நீராகிறது. அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு, அமிலம் சிந்தாது, அதிர்வைத் தாங்கும், அகத்தடையும் குறைவு. ஆயினும் அளவுக்கு மீறி மின்னேற்றினால் அடைப்பான் திறந்து வாயு வெளியேறும். ஆகவேதான் இவ்வகைக்கும் டிக்கியில் குழாய் வேண்டும். இதற்கு வெப்பம் பகை. எஞ்சினை ஒட்டிய இடத்துக்கு இது சிறந்ததன்று. நிறுத்தத்தில் எஞ்சின் தானே அணைந்து தானே புறப்படும் கார்களில் இவ்வகை இருந்தால், மாற்றும்போதும் இவ்வகையையே போட வேண்டும்.

மூன்றாம் வகை லித்தியம் பாட்டரி. பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. போர்ஷே நிறுவனம் 2010ஆம் ஆண்டு முதல் 911 ஜிடி3 முதலிய கார்களுக்கு லித்தியம் பாட்டரியை விருப்பப் பொருளாகத் தந்தது. அதன் எடை 6 கிலோவுக்கும் குறைவு. 60 ஆம்பியர்-மணிக் காரீயப் பாட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் இலேசானது. எனினும் அதன் கொள்ளளவு 18 ஆம்பியர்-மணியே. கடுங்குளிரில் அது சோர்ந்துவிடும் என்பதால், சாதாரணப் பாட்டரி ஒன்றையும் அந்நிறுவனம் உடன் கொடுத்தது. இலேசான பாட்டரிக்கும் ஒரு மாற்று தேவைப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

கொள்ளளவு குறைவதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். கார் நிற்கும்போதும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை முதலியன சிறிது மின்சாரம் உண்ணும். அது 30 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி பாதியாகக் குறைய ஏறத்தாழ 42 நாட்கள் ஆகும். 18 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்குப் பன்னிரண்டு நாட்களே போதும். பந்தயத் திடலுக்கு மட்டும் செல்லும் காருக்கு 10 கிலோ குறைவது பேறு. மாதம் இருமுறை மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு அதுவே தொல்லை. லித்தியம் கலம் 3.3 வோல்ட் அளவினது; நான்கு சேர்ந்து 13.2 வோல்ட். காரீயத்தில் 12.6 வோல்ட் என்றால் முழு மின்னேற்றம். லித்தியத்தில் அதே எண் பெரும்பகுதி தீர்ந்துவிட்டதைக் குறிக்கும். ஒரே மீட்டர் இரு பாட்டரிகளில் இரு வேறு பொருள் சொல்கிறது.

நம் ஊர் வெயில்

குளிர்த்துவக்க ஆம்பியர் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்று என்று எண்ணுவது இயல்பு. பனி பெய்யும் நாடுகளில் அது மெய். நம் ஊரில் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரியை யாரும் கண்டதில்லை. வெப்பத்தில் அகத்தடை தானே குறைந்திருக்கும். செல்ப் எளிதில் எடுக்கும். அதே அளவுள்ள பெட்டிக்குள் குளிர்த்துவக்க எண்ணைக் கூட்ட வேண்டுமானால் தகடுகளை மெல்லியனவாக்கி எண்ணிக்கையை மிகுதிப்படுத்துவர். மெல்லிய தகட்டின் சட்டம் வெப்பத்தில் விரைவில் அரிக்கும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினை வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியல் வகுப்பில் நாம் கேட்ட தோராய விதி. தகட்டை அரிக்கும் வினைக்கும் அது பொருந்தும். ஆகவே கார் நிறுவனம் சொல்லும் எண்ணுக்குக் குறையலாகாது. அதற்கு மேல் மிகுதியாக ஓடிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. நம் நாட்டில் பாட்டரியைக் கொல்வது பனியன்று, வெயிலே.

டாக்டரின் காரில் நடந்தது

இப்போது என் தவறுக்கு வருகிறேன். அந்தக் காரில் முதலில் இருந்தது கண்ணாடி இழைப் பாய் வகை. பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட சில நிறுவனங்களின் பிற்காலக் கார்களில், பாட்டரி முதுமை அடைவதற்கேற்ப மின்னேற்றும் முறையைக் காரின் கணிப்பொறி மாற்றிக்கொள்ளும். புதிய பாட்டரி போட்டவுடன் அதன் வகையையும் கொள்ளளவையும் கருவி கொண்டு அதற்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டரின் காரும் அத்தகையதே. நான் தெரிவிக்கவில்லை. பழைய பாட்டரியே இருக்கிறது என்று எண்ணி அதற்குரிய முறையிலேயே அது மின்னேற்றி வந்தது. திரவ அமிலம் கொதிப்பதுபோல் வாயுவை வெளிவிட்டது. வாயு செல்ல வேண்டிய குழாயை நானே ஓரமாகக் கட்டி வைத்திருந்தேன்.

முதலாளி டாக்டரிடம் எதிர்வாதம் செய்யவில்லை. சரியான பாட்டரியைப் போட்டுக் கொடுத்தார். டிக்கிக்குப் பெயின்ட் அடிக்கும் செலவையும் ஏற்றுக்கொண்டார். என் சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. "இடத்துல உக்காந்துட்டா பாட்டரி சரியாயிடுமா தம்பி? அந்தக் குழாய் எதுக்குன்னு போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு வீட்டில் தந்தையாரிடம் சொன்னேன். ஆம்பியரும் வோல்ட்டும் அவருக்குத் தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏஞ்சாமி, நூல் நெம்பரு பாக்காமப் பாவு ஏத்துனா துணி வருமா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் தறியோடு நின்றவர் அவர். எந்தத் துணிக்கு எந்த நூல் என்பதைக் கேட்ட பிறகே பாவைத் தொடுவார். பட்டம் பெறப் போகும் நான் கேட்கவில்லை. நாட்டியப் பட்டுடையின் விலையை நானே தர வேண்டும் என்றும் அவரே சொன்னார். ஐந்து மாத ஞாயிறுகளின் கூலியில் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பாதியைத் திருப்பித் தந்து, "மீதியில பாட புத்தகம் வாங்கிக்கோ" என்றார்.

தேர்ந்தெடுக்கும் முறை

அதன் பிறகு கடையில் ஒரு குறிப்பேடு வைத்துள்ளேன். பாட்டரி கேட்டு யார் வந்தாலும் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்த பின்னரே விலை சொல்கிறேன்.

1. பழுது பாட்டரியில்தானா? டெர்மினல் தளர்ந்திருந்தாலும், ஆல்டர்னேட்டர் கெட்டிருந்தாலும் அதே அறிகுறி தோன்றும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். புதிய கார்களில் கணிப்பொறியே இதனை ஏற்றி இறக்குவதும் உண்டு.

2. காரில் முதலில் வந்தது எந்த வகை? இப்போதிருப்பதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யலாகாது. இடையில் யாரேனும் தவறாக மாற்றியிருக்கலாம். காரின் கையேட்டைப் பார்ப்பதே முறை.

3. பாட்டரி எங்கே அமைந்துள்ளது? டிக்கியிலோ இருக்கையின் அடியிலோ என்றால் வாயுக் குழாய் மாட்ட வழியுள்ள பாட்டரியே வேண்டும். குழாயை மாட்டிய பின் அடைப்பு இல்லையென்று ஊதிப் பார்க்க வேண்டும்.

4. நீளம், அகலம், உயரம், டெர்மினல் பக்கம், அடிப்பிடிப்பு ஆகியவை பொருந்துகின்றனவா? வேகக் கார் வளைவில் திரும்பும்போது 15 கிலோப் பாட்டரி தளர்ந்திருந்தால் அது தடுமாறிச் சாயும்.

5. ஆம்பியர்-மணியும் குளிர்த்துவக்க ஆம்பியரும் நிறுவனம் சொல்லும் அளவுக்குக் குறையாமல் உள்ளனவா?

6. கார் எப்படிப் பயன்படுகிறது? நாள்தோறும் ஓடுகிறதா, பந்தயத் திடலுக்கு மட்டுமா, வாரக்கணக்கில் நிற்கிறதா? நிற்கும் காருக்குக் கொள்ளளவு முக்கியம். வகைக்கேற்ற சிறு மின்னேற்றியும் நன்று.

7. பாட்டரி தயாரித்த மாதம் எது? அலமாரியில் நெடுநாள் உறங்கிய பாட்டரியில் சல்பேட் படிகம் இறுகிவிடும். காரீயப் பாட்டரியில் 12.5 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் மின்னேற்றிச் சோதித்த பின்னரே வாங்க வேண்டும்.

8. கணிப்பொறிக்குத் தெரிவிக்க வேண்டிய காரா? அதற்குரிய கருவி இல்லையென்றால் அதை உள்ளபடி சொல்லி, கருவி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கழற்றும்போது முதலில் எதிர்முனையையும், மாட்டும்போது இறுதியில் எதிர்முனையையும் இணைக்க வேண்டும். ஸ்பேனர் தவறி உடற்பகுதியில் பட்டாலும் அப்போது பொறி எழாது. பழைய பாட்டரியைக் குப்பையிலோ, தெருவில் காரீயம் உருக்குவோரிடமோ கொடுக்கலாகாது. காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி அது முறையான மறுசுழற்சிக்கே செல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்று கடையில் திருப்பிக் கொடுத்தால் விலையும் குறையும், மண்ணும் பிழைக்கும்.

முடிவுரை

விலை மிகுந்ததே சிறந்த பாட்டரி என்பதும், எண் மிகுந்ததே சிறந்தது என்பதும், இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்பதும் ஒரே தவறின் மூன்று முகங்கள். மூன்றிலும் நாம் பாட்டரியைப் பார்க்கிறோம், காரைப் பார்ப்பதில்லை. கார் என்ன கேட்கிறது, எங்கே வைக்கச் சொல்கிறது, எப்படி வாழ்கிறது என்பதை முதலில் அறிந்தால், பாட்டரியைத் தேர்வது எளிது.

நண்பர்களே! அகத்தடைச் சோதனையை மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்துவிட்டு மறந்திருந்தேன். திருப்புத்திறன், ஓமின் விதி, ஆக்சிஜன் மீண்டும் நீராகும் வினை ஆகிய யாவும் என் பதிவேட்டில் இருந்தன. டிக்கியைத் திறந்த அந்த வேளையில் என் கையில் இல்லை. நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாம் படித்தது நம் வேலையில் தெரியும் என்று நம் பெற்றோர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு நான் ஒருமுறை குறை வைத்தேன்.

சென்ற மாதம் டாக்டரின் கார் மீண்டும் கடைக்கு வந்தது. பாட்டரியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 12.7 வோல்ட் இருந்தது. டெர்மினல்கள் தூய்மையாக இருந்தன. விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாயுக் குழாய் அதன் துளையில் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. டிக்கியின் மூலையில் ஒரு புதிய துணிப்பை இருந்தது. அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு மூடினேன்.